ஓர் அறை குறைவு

ஐந்து ரோட்டு ஸ்கேன் சென்டரில்
ஜெல்லைத் துடைக்கக் கொடுத்த டிஷ்யூ
இன்னும் கைக்குள் உருண்டையாய் இருக்கிறது.
கோரிமேடு தாண்டியாயிற்று.
அடிவாரத்தில் கொய்யா விற்றவள்
ஜன்னல் வரைக்கும் வந்து
என் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனாள்.

நாலு அறை இருக்கவேண்டிய இதயத்தில்
மூன்றுதான் இருக்கிறது என்றார் டாக்டர்.
நல்ல மனுஷி. படம் வரைந்து காட்டினார்.
பிறந்தாலும் எத்தனை நாளென்று சொல்ல முடியாது,
இருபது வாரம்தானே ஆகிறது,
கலைத்துவிடலாம் என்றார், குரலைத் தாழ்த்தி.

கலைப்பது.
கூட்டத்தைக் கலைப்பார்கள், லத்தியை ஓங்கி.
தூக்கம் கலையும். வேஷம் கலையும்.
சீட்டுக்கட்டைக் கலைத்துவிட்டு மறுபடி ஆடலாம்.
எங்கள் ஏற்காட்டுப் பனி பத்து மணிக்குத் தானாய்க் கலையும்,
யாரும் ஃபாரத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.
அத்தனைக்கும் பொதுவான அந்த லேசான சொல்லை
என் வயிற்றின்மேல் வைத்தபோது
அது லேசாக இல்லை.

ஏழாவது வளைவு.
தனிஸ்லாஸ் என் தோளில் படாமல் உட்கார்ந்திருக்கிறான்.
"உன் இஷ்டம்" என்று இரண்டு தடவை சொன்னான்.
அவன் அக்கா ரெஜினா போனில்,
"இன்னொண்ணு பெத்துக்கலாம்டி" என்றாள்.
இன்னொண்ணு.
நான் இந்த ஒண்ணைப் பற்றித்தான் கேட்டேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண்,
பத்தொன்பது இருக்கும், கூட யாரும் இல்லை.
எதற்கு வந்திருக்கிறாள் என்று
கையிலிருந்த சீட்டே சொன்னது.
அவள் வயிற்றில் இருந்ததும் ஆள்தான்.
நான் அப்படித்தான் நம்புகிறேன், யார் கேட்டாலும்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.
பெயர் கேட்டேன். கோகிலவாணி என்றாள்.
தோட்டத்து ஆரஞ்சில் பாதி கொடுத்தேன்.
சொல்லாமல் விட்டது பாவமா,
ஆரஞ்சு கொடுத்தது கோழைத்தனமா,
பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பதினொன்று. டிரைவர் நீளமாய் ஹாரன் அடிக்கிறார்.
புடவைத் தலைப்புக்குள் ஜெபமாலை.
கனி என்ற சொல் வருமிடத்தில்
ஒவ்வொரு மணியும் சிக்கிக்கொள்கிறது.
ஒரு மணியை கோகிலவாணிக்கு வைத்தேன்,
அடுத்ததை, பெயரில்லாத அதற்கு.

எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு ஏறிப்போனவளே,
உனக்கு பஸ் இல்லை. ஸ்கேன் இல்லை.
உன் பிள்ளை எப்படிச் சாகும் என்று
இருபதாம் வாரத்தில் யாரும் வரைந்து காட்டவில்லை.
காட்டியிருந்தால்?
இதை உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது.

ஆண்டவரே, நான் அற்புதம் கேட்கவில்லை.
அது பொய். கோரிமேடு வரைக்கும் கேட்டேன்.
இப்போது கேட்பது வேறு.
நாகலூர் எஸ்டேட் லைன் வீட்டில்
எங்களுக்கு இருந்ததே ஓர் அறை.
ஆறு பேர், ஒழுகும் மூலையில் ஓர் அண்டா.
அதற்குள்ளும் ஒரு விருந்தாளி வந்தால்
பாயைக் குறுக்கே திருப்பிப் போடுவோம், அவ்வளவுதான்.
இதற்கு மூன்று இருக்கிறது.
இருக்கிறவரை இருக்கட்டும்.
நாளை எண்ணுவது உம் வேலை,
சுமப்பது என் வேலை.
புரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதேயும்.
சின்னப் பெட்டி எத்தனை சாண் என்று எனக்குத் தெரியும்.
தங்கச்சிக்கு அப்பா
சில்வர் ஓக் பலகையில் அடித்தார்,
ஆணிகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பதினெட்டில் பனி பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டது.
தனிஸ்லாஸ் என் விரல்களைப் பிரித்து
டிஷ்யூவை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
அங்கேதான் அந்த ஃபாரமும் இருந்தது, நாலாய் மடித்து, வெறுமையாய்.
"இறங்கினதும் டீ குடிப்போமா?" என்றான்.

இருபது.
கண்டக்டர் தலைகளை எண்ணிவிட்டு
"டிக்கெட் எடுக்காத ஆள் யாராச்சும் இருக்கீங்களா?"
உள்ளே ஒரு புரளல்.
என்னை அறியாமல்
கை பாதி உயர்ந்துவிட்டது.